காலி நாற்காலி மேல் வெளிச்சம்

"என் அப்பாவத் திரும்ப மேல ஏத்துங்க சார்."

மேலாளர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடாமலே நிமிர்ந்தார். நான் வணக்கம் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. உட்கார்ந்தால் கெஞ்சத் தொடங்கிவிடுவேன் என்று பயம்.

இந்த நாடக அரங்கக் கட்டடத்தில் தன் பெயரைச் சொல்லி எதையும் கேட்கக் கூடாது என்பது அப்பா எனக்குப் போட்ட கட்டளை. பள்ளியில் படிக்கும்போது, எங்கள் டீச்சருக்கு ஓசியில் ஒரு டிக்கெட் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தேன். "எங்கிட்ட சோறு கேளு, ஃபீஸ் கேளு. அந்த வாசல்ல போய் என் பேரச் சொல்லிக் கைய நீட்டினா, நான் உனக்கு அப்பன் இல்ல" என்றார். அப்பா அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. அதனாலேயே அந்தச் சொல் அப்படியே நின்றுவிட்டது.

"நீங்க யாரும்மா?" என்றார் மேலாளர்.

"லைட்காரர் பொண்ணு."

சொன்னதும் முகம் சுட்டது. போன வாரம் இதே லைட்காரரை நான் யாரோ ஒருவர் போலக் குறிப்பிட்டிருந்தேன்.

இந்த அரங்கில் மேடைக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி, ஓர் இரும்புப் பாலம் போகிறது. அதில் நின்றபடி ஒரு பெரிய விளக்கைத் திருப்புவது அப்பாவின் வேலை. பாடுகிறவர் மேடையில் எங்கே போனாலும் வெளிச்ச வட்டம் கூடவே போக வேண்டும். அம்மா தையல் கம்பெனியில் மாலை ஷிப்டில் இருந்ததால், சிறு வயதில் என்னையும் ஏணியில் ஏற்றி அந்தப் பாலத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அங்கிருந்துதான் எல்லா இசை நாடகங்களையும் பார்த்தேன். எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். எந்த ராணியின் டோப்பா எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த இளவரசனின் வழுக்கையில் மை பூசியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆனால் ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று உச்சந்தலையை வைத்துச் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் தள்ளுபடி விற்பனையையும் மாமியாரையும் பற்றித்தான் பேசுவார்கள். பாட்டைப் பற்றிப் பேச ஆள் தேடித்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். 'திரை விழுந்ததும்' என்று பெயர். இசை நாடகப் பைத்தியங்கள். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியதும் அரட்டை ஆரம்பித்துவிடும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. குழுவை நடத்துகிறவர் ஒரு பேராசிரியை, 'முதல்வரிசை' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். 'பல்டாக்டர்' நிஜமாகவே பல் டாக்டர். 'இடைவேளை' என்று ஒருவர், நாடகத்தைத் தவிர காப்பி, கழிவறை வரிசை, பின்சீட்டில் பிஸ்கட் பொட்டலம் பிரித்தவர் எல்லாவற்றையும் விமர்சிப்பார்.

நான் 'உச்சி'. பால்கனியின் கடைசி வரிசையில் உட்காருகிறவள் போலிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அவர்களுக்கு என்னை மிகவும் பிடிக்கும். ராணி பாடும்போது டோப்பா நழுவியதைக் கதாநாயகன் ஆலிங்கனம் செய்கிற சாக்கில் பிடித்து நிறுத்தியது போன்ற கதைகளை வேறு யார் சொல்வார்கள்? எல்லாம் அப்பா சாப்பிடும்போது சொன்னவை. ஒரு தகவல் போட்டால் கீழே இதயக்குறிகள் வரிசையாக விழும். அதற்காகவே சோற்றைப் பரிமாறிக்கொண்டே அப்பாவின் வாயைப் பிடுங்கப் பழகினேன். மகளுக்குத் தன் வேலை மேல் இவ்வளவு ஆசையா என்று அவர் பூரித்துப்போவார்.

போன வாரம் மதியக் காட்சியில் அது நடந்தது. கடலுக்குப் போன கணவன் திரும்பாத ஒருத்தியின் கதை. அவன் உட்காரும் நாற்காலி மேடையின் ஓரத்தில் காலியாகக் கிடக்கும். அவள் இடப்பக்கமிருந்து பாடிக்கொண்டே வர வேண்டும். வந்தாள். வெளிச்சம் மட்டும் நாற்காலி மேல் விழுந்தது. முதல் அடி முழுவதையும் அவள் இருட்டில் பாடினாள்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. குழுவைத் திறந்தேன்.

இடைவேளை: நாற்காலிக்குக் கைதட்டினது நான் ஒருத்தன்தானா?

பல்டாக்டர்: காணாமப் போன புருஷன் நாற்காலியாத் திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன். கண்ணு கலங்கிடுச்சுய்யா.

இடைவேளை: நடிப்புன்னா அது. ஒரு அசைவு இல்ல.

முதல்வரிசை: நாங்க குடுத்த காசுக்கு அவ முகத்தப் பாத்திருக்கணும். லைட்காரர் தூங்கிட்டாரா?

பல்டாக்டர்: நாற்காலியும் அவரும் சொந்தக்காரங்களா இருக்கும்.

நானும் சிரித்தேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும். யார் அந்த லைட்காரர் என்று தெரிந்துதான் பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். 'நாற்காலிக்கு மேக்கப் நல்லா இருந்துச்சு' என்று என் பங்குக்கு ஒன்று போட்டேன்.

அப்புறம் முதல்வரிசை கேட்டார்: உச்சி, உங்களுக்குத் தெரியாம இருக்காதே. என்ன ஆச்சு?

எல்லோரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பேராசிரியை, ஒரு டாக்டர், இன்னும் யார் யாரோ எனக்காகக் காத்திருந்தார்கள். அலுவலகத்தில் என் ஃபைலை எடுத்துப் பார்க்கக்கூட ஆள் கிடையாது. விரல் தானாக ஓடியது.

உச்சி: வெளியில சொல்லாதீங்க. அந்த லைட்காரருக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியாது. மறைச்சு ஓட்டிட்டிருக்காரு.

அந்த லைட்காரர். அப்படித்தான் எழுதினேன்.

இதயம் இதயமாக விழுந்தது. 'பாவம்' என்று எழுதினார் பல்டாக்டர். 'பாவம்தான், டிக்கெட் விலை பாவம் பாக்குதா?' என்றார் முதல்வரிசை. என் வரியை அப்படியே படம் பிடித்து அரங்கத்துக்கு அனுப்பிவைத்தார். ரசிகர் என்ற பொறுப்பாம். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவர்கள் என்றால் அவர்கள் தலையில் போட்டுவிட்டுத் தப்பித்திருப்பேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. மதியமே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். விளக்கை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அவரை வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டிருந்தார்கள். கையில் ஒரு சிவப்புக் கோட்டு. அதை நாற்காலியில் போட்டார், மடிக்கக்கூட இல்லை.

"நாலு பேருக்குத்தான் தெரியும். நான், நீங்க ரெண்டு பேரு, அவன். வீட்டுல யாரு சொல்லப் போறா?"

அவன் என்றது, அரங்கில் ஒலியைக் கவனிக்கும் சவுண்டு மாமாவை. மாமா என்பது முறைக்குத்தான். இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டீயை இரண்டாகப் பிரித்துக் குடிப்பவர்கள். அப்பாவின் இடது கண்ணில் புரை விழுந்ததிலிருந்து, தன் அறையிலிருந்து ஹெட்போனில் அவருக்கு வழி சொல்லி வந்தவர் அவர்தான். 'எடப்பக்கம் வர்றா, இப்ப திரும்பு' என்று ஒவ்வொரு பாட்டுக்கும். நாற்காலியில் வெளிச்சம் விழுந்த அன்று கதாநாயகியின் மைக் செத்துவிட்டது. அதைச் சரிசெய்கிற அவசரத்தில் வழி சொல்ல அவரால் முடியவில்லை.

"வேணும்னே சொல்லாம விட்டிருக்கான். சலிச்சுப்போச்சு போல" என்றார் அப்பா. "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருந்தா நானே எறங்கிருப்பேன். இனி அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னடி, சாப்பிடாம தட்டையே பாத்துட்டிருக்க?" என்றாள். பசியில்லை என்றேன்.

அன்று மாலையே மாமா வந்தார். அப்பா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா மாடிப்படியில் கொஞ்ச நேரம் நின்றார். நான் வழியனுப்பப் போனேன்.

"நான் சொல்லலம்மா. உங்கப்பன் நம்ப மாட்டேங்கறான். நீயாவது நம்பறியா?"

"நம்பறேன் மாமா."

"அது போதும்" என்று என் தலையில் கை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

செய்ததிலேயே கேவலமானது எது என்று கேட்டால், குழுவில் எழுதியது அல்ல. அந்தப் படிக்கட்டில் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான்.

மேலாளரின் இந்த அறைக்கு நான் வந்ததுகூட யோக்கியத்தனத்தால் அல்ல. அப்பாவின் வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லாம் ஆறிவிடும், நான் வாயைத் திறக்காமலே தப்பிக்கலாம் என்ற கணக்கில்தான் வந்தேன்.

"கண்ணு தெரியாதவர மேல நிக்க வைக்கச் சொல்றீங்களா?" என்றார் மேலாளர்.

"புரை சார். ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும். லீவு கேட்டா வேற ஆளப் போட்டுடுவீங்கன்னு பயந்து மறைச்சாரு. லீவு குடுங்க, திரும்பி வந்ததும் அதே விளக்கக் குடுங்க."

"அத அவரே வந்து கேட்டிருக்கலாமே."

"கேக்கற மாதிரியா வச்சிருக்கீங்க?"

அவர் கோபப்படவில்லை. "அவரு மறைச்சது ஒரு தப்பு. உள்ள விஷயத்த வெளியில விட்டது இன்னொரு தப்பு. அந்த சவுண்டுகாரரத்தான் இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"அவரு சொல்லல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எதிர்ச் சுவரில் பழைய நாடகங்களின் சுவரொட்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும் முகங்கள்.

"உச்சி நான்தான் சார்."

அப்போதுதான் பேனாவை மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சிரித்தார்.

"நீங்களா? அந்த டோப்பா விஷயம் எழுதினது நீங்கதானா? எங்க வீட்டுக்காரம்மாவும் அந்தக் குழுவுலதான் இருக்காங்க, படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பாஸை எடுத்து என் பக்கம் தள்ளினார். "இன்னிக்குக் காட்சிக்கு. முதல் வரிசை, நடுவுல. அப்பாவுக்கு லீவு தரேன். விளக்கும் அவருக்குத்தான். சவுண்டுகாரர் விஷயத்தையும் விட்டுடறேன். நீங்க அங்கயே இருங்க, நம்ம நாடகத்தப் பத்தி நல்லபடியா நாலு வரி எழுதுங்க. யாரு சொன்னாங்கங்கறது நமக்குள்ளயே இருக்கட்டும். அப்பா மனசு எதுக்குக் கஷ்டப்படணும்?"

நான் கேட்க வந்தது எல்லாம் கிடைத்துவிட்டது. கேட்காததும் கிடைத்துவிட்டது. பாஸைக் கையில் எடுத்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த இருக்கையிலிருந்து அவள் முகம் எப்படித் தெரியும் என்றுதான் முதலில் தோன்றியது.

கைப்பேசி துடித்தது. குழு.

இடைவேளை: வந்தாச்சு. வரிசை நகரவே இல்ல. வாசல்ல புதுசா ஒரு தாத்தா, டிக்கெட்ட மூக்குல ஒட்டிப் படிக்கறாரு.

பல்டாக்டர்: கதை நல்லா இருக்கான்னு பாக்கறாரோ என்னவோ.

இடைவேளை: கோட்டு வேற ரெண்டு ஆள் நுழையலாம் போல.

முதல்வரிசை: உச்சி எங்க? இந்தத் தாத்தாவப் பத்தி ஏதாவது தெரியுமா?

எழுத்துகள் கலங்கின. துடைத்துக்கொண்டு எழுதினேன்.

உச்சி: தெரியும். எங்க அப்பா. நாற்காலி மேல லைட் போட்டவரும் அவர்தான். அவர் கண்ணப் பத்தி உங்ககிட்ட சொன்னது அவர் பெத்த பொண்ணு.

அனுப்பினேன். ஓர் இதயம்கூட விழவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு, பாஸை அவர் பக்கமே தள்ளினேன்.

"அப்ப லீவு வேண்டாமா?" என்றார் மேலாளர்.

"அது நீங்க குடுக்க வேண்டியது சார். இந்தப் பேரத்துல அதச் சேக்காதீங்க."

"அப்பாகிட்ட சொல்லப் போறீங்களா? யோசிச்சுக்கோங்கம்மா. ஒரு தடவ சொல்லிட்டா திருப்பி எடுக்க முடியாது."

"முன்னாடி எழுதினதையும் எடுக்க முடியலையே சார்."

இந்த அறையை விட்டு இறங்கினால் வாசல், சிவப்புக் கோட்டில் அப்பா. ஏறினால் சவுண்டு மாமாவின் அறை. முதலில் ஏறுவது, மாமாவிடம் சொல்வது, அவர் அறைந்தால் வாங்கிக்கொள்வது, அப்புறம் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்கி அப்பாவிடமும் சொல்வது. வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழட்டும். அப்பா அவர் முகத்தைப் பார்க்கட்டும். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்ப்பாரா என்று தெரியவில்லை.

மேலாளர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.