இதோ வந்துட்டேம்பா

கத்தியை இறக்கினான். ரத்தம் கசிந்தது.

"செத்தும் பழிவாங்குதுங்க இந்தக் கோழி" என்றாள் மனைவி.

தொடையின் மேல்தோல் கருகி விறைத்திருந்தது. எலும்பை ஒட்டிய சதை இன்னும் பச்சை. கீழே சமவெளியில் இருந்தவரை ஏர் ஃபிரையர் சொன்னபடி கேட்டது. ரோப்கார் மெக்கானிக் வேலையில் இந்த மலையுச்சிக்கு மாற்றலாகி வந்தபிறகு, இதோடு மூன்றாவது கோழி.

"இங்க காத்து லேசுங்க. உள்ள சூடு ஏறதுக்குள்ள வெளிய காஞ்சிடுது. சூட்டைக் குறைச்சு ரொம்ப நேரம் வைங்க. இல்ல, குக்கர்ல போடறேன். மாமாவுக்குப் பல்லா இருக்கு?"

"ரோப்காரையே ஓட வைக்கறவன். ஒரு டப்பாகிட்ட தோத்துப்போவேனா?"

கோழியை மறுபடி உள்ளே தள்ளிச் சூட்டைக் கூட்டினான்.

அடுத்த அறையில் அப்பா. ஒரு வாரமாகக் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டவர், காலையில்தான் வாய் திறந்து கோழி கேட்டிருந்தார்.

"டேய்... இங்க வாடா."

"இதோ வந்துட்டேம்பா! கோழியோட வரேன்!"

"நான் போய்ப் பாக்கறேன்" என்று மனைவி நகர்ந்தாள்.

"அவர் என்னைத்தான கூப்பிடறாரு? நீ மாடிக்குப் போய்த் துணிய எடு. மழை வருது."

அவள் போனாள். இவன் நகரவில்லை. நகர்ந்தால் இந்தக் கோழியும் முழுக்கக் கருகிவிடும். அவள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

அப்பா மறுபடி கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது. ஏர் ஃபிரையர் விசிறியின் இரைச்சலில் கேட்காதது போல நின்றான்.

அதன்பிறகு கூப்பிடவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தபோது அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

வெந்த சதையை மட்டும் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டு போனான். அப்பாவின் முகம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கண் மூடவில்லை.

"அப்பா?"

பின்னால் துணிக்குவியலோடு மனைவி. அவள் முதலில் மாமனாரைப் பார்த்தாள். அப்புறம், அவன் கையிலிருந்த தட்டை.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மசாலா வாசனை போகட்டும் என்று எல்லா ஜன்னல்களையும் அவள் திறந்து விட்டிருந்தாள். அக்கா கிடைத்த முதல் ரோப்காரைப் பிடித்து வந்து, அப்பாவின் காலடியில் விழுந்து அழுது ஓய்ந்தாள்.

"கடைசில பக்கத்துல இருந்தியாடா?"

அறையே அவனைப் பார்த்தது. சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு மனைவி நின்றிருந்தாள்.

"இருந்தேன்க்கா."

"ஏதாவது சொன்னாராடா?"

"ஒண்ணும் சொல்லல." நிறுத்தியிருக்கலாம். "என் கையப் புடிச்சுக்கிட்டாரு."

அக்கா அந்தக் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீ கொடுத்து வச்சவன்டா. நான் பாவி, கீழயே இருந்துட்டேன்." கையை உருவிக்கொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை.

மனைவி வரிசையாகத் தேநீர் கொடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்குக் குனிந்து கொடுத்தாள். அவன் முன்னால் நின்றாள். தட்டு தாழவில்லை.

மிச்சமிருந்த ஒரு கோப்பையோடு உள்ளே போனாள். தேநீரைத் தொட்டியில் கொட்டும் சத்தம், பிறகு தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.