சூளை நிழல்

படத்தில் பீரங்கி இல்லை. ஆனால் குண்டு அங்கிருந்துதான் வந்தது.

ஆற்றின் அக்கரையில் ஒரு செங்கல் சூளை. வெடிச்சத்தம் இக்கரையிலுள்ள ஒலிவாங்கிகளை எந்தெந்த நொடியில் வந்தடைகிறது என்பதை வைத்துச் சுட்ட இடத்தைக் கணக்கிடலாம். இன்று விழுந்த குண்டுக்கு அந்தக் கணக்கு சூளையைக் காட்டியது. இன்று காலை எடுத்ததாக நட்பு நாடு அனுப்பிய செயற்கைக்கோள் படத்திலோ சூளையைச் சுற்றி வெறும் மண். ராணுவ உளவுப் பிரிவின் ஜன்னலில்லாத அறையில், படங்களை ஆராய்பவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண் பூத்துப்போனாள். அவள் "காலி" என்று எழுதினால், சூளைக்கு எதிர்க்குன்றில் உள்ள வீரர்கள் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து வேலை செய்வார்கள். அவர்களில் ஒருவன் அவள் தம்பி.

தொலைபேசிக் கம்பியைச் சோதிக்க அவன்தான் தினமும் கூப்பிடுவான்.

"அக்கா, கேக்குதா?"

"கேக்குது. சாப்பிட்டியா?"

"விடியறதுக்கு முன்னாடிலேர்ந்து மழை கொட்டுது. தட்டுல சோறு நீச்சலடிக்குது. ஒரு படகு அனுப்பு, வீட்டுக்கே வந்துடறேன்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

சிரித்தபடி திரையைப் பார்த்தவளின் சிரிப்பு நின்றது. சூளைப் புகைபோக்கியின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் மண்ணில் கிடந்தது. நிழல் விழ வெயில் வேண்டும். மேகம் மூடினால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், நிழல் கரைந்துவிடும். அதோடு, இந்தக் கேமராவால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கவும் முடியாது. ஆக, படம் பழையது. தேதி மட்டும்தான் புதிது.

மேஜரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, கண்ணாடி?" என்றார். மூக்குக்கண்ணாடியால் அவளுக்கு வந்த பெயர் அது. "நட்பு நாடு புதுப் படம் குடுத்தா நாம பீரங்கிய அடிச்சிடுவோம். அடிச்சா, அதை எதிரிக்குக் குடுத்த வல்லரசு நேரா இறங்கிடும். அந்தச் சண்டை நம்ம நண்பருக்கு வேண்டாம்."

"கேட்டுப் பாக்கலாமே, சார்?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் கேட்டார். படம் நின்னுபோச்சு. குண்டு நிக்கல."

"ஒலிக்கணக்கை வெச்சே அடிச்சா?"

"நம்ம குண்டும் நண்பர் குடுத்ததும்மா. படத்துல தெரியறதை மட்டும்தான் அடிக்கணும்னு ஒப்பந்தம்."

"அப்போ நம்ம பசங்க?"



அவள் தன் இருக்கைக்குத் திரும்பினாள். ஒலிக்கணக்கும் படமும் ஒத்துப்போகாத இடத்துக்கு இனி "காலி" என்று எழுதுவதில்லை. "தெரியவில்லை" என்றே எழுதுவது என்று முடிவெடுத்தாள். அப்படி எழுதினால், விதிப்படி குன்றில் யாரும் பதுங்குகுழியை விட்டு வெளியே வரக் கூடாது. பீரங்கி அங்கேயே இருக்கும்.