குடோனில் இருந்த இன்ஹேலர்

இக்ராவின் நிக்காஹுக்குத் தேதி குறித்த அன்று வீட்டில் இருந்தவர்கள்: முஸ்தபாவாகிய நான், என் மனைவி மைமூன், மகள் இக்ரா, சாமளாபுரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை தமீம், அவருடைய பெற்றோர் யாசின், நூர்ஜான். வேறு யாரும் இல்லை.

வீரபாண்டியில் முப்பது வருடமாகப் பனியன் வேஸ்ட், அதாவது கம்பெனிகளில் கழியும் துணி, பஞ்சு வியாபாரம் செய்கிறேன். எனக்கு ஆஸ்துமா இருப்பதை வெளியே சொன்னதில்லை. பெண்ணுக்கும் வருமா என்று கேட்பார்கள், சம்பந்தம் நின்றுவிடும். அதனால் வருகிறவர்கள் கண்ணில் படாமல் இன்ஹேலரை வீட்டுக்குப் பின்னால் குடோனில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சுத் தூசிக்கு நடுவே நின்று இழுப்பேன். இழுப்பு எப்படி அடங்கும்? பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். இழுப்பு தணிந்தது. ஆனால் வயிறு பெருத்தது. ஏற்கெனவே இருந்த சர்க்கரை நானூற்றைத் தாண்டியது, ரத்த அழுத்தமும் ஏறியது.

அன்று பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மூச்சு அடைத்தது. இக்ரா குடோனுக்கு ஓடிப்போய் இன்ஹேலரைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் என் கையில் வைத்தாள். குடும்ப மானம் போயிற்று என்று எண்ணிக்கொண்டே இழுத்தேன்.

நூர்ஜான் அதை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இதை எங்க வெச்சிருந்தீங்க? பூராப் பஞ்சா ஒட்டீருக்குது."

"குடோன்லங்க," என்றாள் மைமூன்.

"நல்ல இடமாப் பாத்துத்தான் வெச்சிருக்கறீங்க."

யாசின் சிரித்தார். "இவளுக்கே சின்ன வயசுல இருந்து இழுப்புங்க. எங்க மாமனாரும் மறைச்சுத்தான் கட்டிக் குடுத்தாரு. மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சு என்ன பண்ணுனீங்க?" என்றார் நூர்ஜான்.

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனனுங்க, வேறென்ன."

மறுநாள் அதே டாக்டரிடம் நூர்ஜானே என்னை அழைத்துப் போனார். மூச்சையும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்றார் டாக்டர். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். தினமும் இரு வேளை வேறொரு இன்ஹேலர், இழுத்ததும் வாய் கொப்பளிப்பு, காலையில் நடை. எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். சர்க்கரை நூற்றைம்பதுக்குள் நிற்கிறது. மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறேன். நூர்ஜானுக்கு என் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

என் நோய் தெரிந்ததும் சம்பந்தம் முறிந்துவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். முறியவில்லை. என் உடம்பு தேறட்டும் என்று தேதியைத் தள்ளிவைத்தவர் நூர்ஜான். வரும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்.