தேய்ந்த அரம்

என் வீட்டுக்காரர் சின்னப்பையனுக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. மண்வெட்டி வாங்கப் போனால் கடையிலுள்ள அத்தனை மண்வெட்டியையும் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, ஒன்றும் பிடிக்காமல் வெறுங்கையோடு வருவார். என்னைப் பெண் பார்க்க மட்டும் ஒரே தடவைதான் வந்தார். அதுவும் எங்கள் அப்பன் அவசரப்படுத்தியதால்.

கல்வராயன் மலையில் தினை கதிர் விட்டதும் கிளிகளுக்கு எப்படியோ சேதி போய்விடும். கூட்டமாக வந்து இறங்கினால் ஒரு காலைப்பொழுதில் தினைக்காடு மொட்டை. அதை விரட்டத்தான் உண்டைவில். அம்பு விடுகிற வில் இல்லை இது. நாணுக்கு நடுவில் சின்னதாக ஒரு பின்னல் இருக்கும், அதில் களிமண் உருண்டையை வைத்து இழுத்து விடுவோம். எங்கள் பக்கத்தில் யாருக்கு வில் வேண்டுமென்றாலும் இவரிடம்தான் வருவார்கள். எங்களுக்கு இருந்தது ஒரு துண்டுக் காடும் இவருடைய வலது கையும்தான். இரண்டில் அதிகம் சோறு போட்டது அந்தக் கை.

வில் வேலையில் கத்தி பாதிதான். மீதி அரத்தின் வேலை. ஒரு பக்கம் துளி தடித்திருந்தாலும் மறுபக்கம் ஒடிந்து முகத்தில் அடிக்கும். அந்த வருசம் இவருடைய பழைய மர அரம் பல் மழுங்கி, துணி துவைக்கிற கல்லைப் போல ஆகிவிட்டது. புது அரம் வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் புறப்பட்டோம். நான் ஏன் போனேன் என்றால், தனியாக விட்டால் இந்த மனிதர் பொழுது சாய்ந்தாலும் கடையை விட்டு வர மாட்டார்.

கடை காசிநாதனுடையது. அவனுக்கு ‘அவர்’ போட என் நாக்கு வராது. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, பேச்சில் தேன். மலைக்காரர்களுக்கு அவன் கடையில் பெஞ்சு கிடையாது. நின்றுகொண்டேதான் வாங்க வேண்டும்.

இவர் மடியிலிருந்து ஒரு சடச்சி மரக் கட்டையை எடுத்தார். வில்லுக்கு வெட்டிய கம்பின் மீதி அது. காசிநாதன் எடுத்துப் போட்ட புது அரத்தால் அதை ராவிப் பார்த்தார்.

“இது ராவல மொதலாளி, கடிக்குது.”

அடுத்ததை எடுத்தார். “இது வழுக்குதுங்க. மேல மேல போயிக்கினு இருக்குது, மரத்தப் புடிக்கல.”

“இன்னாய்யா, அரம் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றான் காசிநாதன். அவனிடம் வேலை பார்க்கும் சுப்புராயன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

எனக்கு மானம் போனது. “யோவ், பஸ்ஸு போயிடும். கையில கெடச்சத எடுத்துக்கினு வாய்யா.”

“இரு பழனி. வில்லு ஒடிஞ்சி எவன் கண்ணாவது போச்சின்னா யாரு பதில் சொல்றது?” என்றார் என்னிடம்.

அப்போதுதான் காசிநாதன் இவரைச் சரியாகப் பார்த்தான். கட்டையைப் பார்த்தான், கையைப் பார்த்தான். “வில்லு செய்றவனா நீ?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். வரும்போது சாக்குத் துணியில் சுற்றிய அரம் ஒன்று கையில் இருந்தது. பழையது. மரக் கைப்பிடி, நுனியில் ஒரு வெடிப்பு.

இவர் அதன் மேல் பெருவிரலை ஓட்டினார். கட்டையில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். தூள் மாவாக உதிர்ந்தது, கட்டையில் ஒரு கீறல் இல்லை. என் பக்கம் திரும்பிச் சிரித்தார் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அந்த மனிதர் அப்படிச் சிரிக்கவில்லை.

“எல்லாப் பல்லும் ஒண்ணா தேஞ்சிருக்குது புள்ள. புதுசு வாங்கி வருசக்கணக்கா தேச்சாலும் இந்தப் பதம் வராது.”

பல் இடுக்கில் மஞ்சளாகத் தூள் அடைத்திருந்தது. கோயில் வாசனை அடித்தது. “இன்னா இது, சந்தன வாசன?” என்று கேட்டேன்.

“சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்தேம்மா. சந்தனம் பட்டிருக்கும்” என்றான் காசிநாதன், கண் இமைக்காமல்.

“தொடச்சிக் குடுங்க.”

“வூட்ல போயி தொடச்சிக்கலாம் வா” என்றார் என் வீட்டுக்காரர். அரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு என்னைவிட வேகமாக நடந்தார். எங்கள் பஸ் கிளம்புமுன்பே சுப்புராயன் மொபெட்டில் மலைப்பக்கம் போனதைப் பார்த்தேன். அவனுக்கு அங்கே என்ன வேலை என்று யோசிக்கவில்லை.

மலை ஏறுகிற இடத்திலிருந்த பாரஸ்ட் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். யார் மூட்டையையும் பார்க்கவில்லை. மீசை வைத்த கார்டு ஒருவன் நேராக எங்கள் சீட்டுக்கு வந்தான், அரத்தைப் பிடுங்கினான், மூக்கில் வைத்து மோந்தான்.

“எறங்குடா.”

சாவடிக்குள் சந்தனக் கட்டைகள் குவிந்து கிடந்தன. மேல் வெள்ளையெல்லாம் சீவி, உள்ளிருக்கும் வைரக் கட்டையை மட்டும் வழவழவென்று ராவி எடுத்திருந்தார்கள். கட்டை பிடிபட்டிருந்தது, ஆள் பிடிபடவில்லை. அது காசிநாதனின் சரக்கு என்பதை ஜெயிலில் கூட இருந்தவர்கள்தான் இவரிடம் சொன்னார்களாம். அவன் தப்பிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நாங்களாகப் போய் அவன் கடை வாசலில் நின்றோம்.

“நான் வில்லு செய்றவனுங்க. கெளிக்கு வுடுற வில்லு” என்று இவர் கும்பிட்டார்.

மீசைக்காரனுக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. பிடித்து வைத்திருந்த விறகுக் குவியலிலிருந்து ஒரு கம்பை உருவி எறிந்தான். “அப்பிடியா? செஞ்சி காட்டு. செஞ்சிட்டீன்னா வூட்டுக்குப் போ.”

இவர் அதை நம்பிவிட்டார். ஐயோ, அந்த மனிதரை என்னவென்று சொல்வேன்! தரையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கத்தியால் கம்பைச் சீவினார், பிறகு அரத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு இழுப்பிலேயே எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோயிற்று. வளைத்துப் பார்ப்பார், ஒற்றைக் கண்ணால் நோக்குவார், ஓர் இடத்தில் லேசாக ராவுவார், மறுபடி வளைப்பார். கார்டுகள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். நன்றாகச் செய், சாமி, நன்றாகச் செய், செய்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். வெயில் சாயும்போது வில் முடிந்தது. மடியிலிருந்த நாரைத் திரித்து நாண் கட்டிக் கொடுத்தார்.

மீசைக்காரன் ஒரு கூழாங்கல்லை வைத்து இழுத்து, ரோட்டில் படுத்திருந்த நாயை அடித்தான். நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். இவரும் சிரித்தார்.

“இவ்ளோ சுத்தமா ராவுற கைய நான் பாத்ததே இல்ல” என்றான் மீசைக்காரன். பிறகு இன்னொருவனிடம் திரும்பினான். “அந்தக் கட்டைங்களப் பாரு. அதே கை, அதே அரம். இனிமே இன்னா சாட்சி வேணும்? கேஸ எழுது.”

இவருக்கு முதலில் புரியவில்லை. வில்லையும் கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “இது வில்லு வேலைங்க சாமி, அது வேறங்க...”

ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. என்னை ரோட்டுக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே யாரோ கையை மேசைமேல் வைக்கச் சொன்னது கேட்டது.

அரம் மரத்தில் ராவுகிற சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அன்று சன்னல் வழியே வந்தது அரத்தின் சத்தம்தான். ஆனால் மரத்தின் சத்தம் இல்லை. இவர் கத்தவில்லை, அழவில்லை. “வேணாங்க, வேல செய்ற கைங்க. வேணாங்க, வேல செய்ற கைங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கதவை உதைத்தேன், மண்ணை வாரி இறைத்தேன், என் வாயிலிருந்த கெட்ட வார்த்தையெல்லாம் தீரும்வரை திட்டினேன். கதவு திறக்கவில்லை.

ஒப்புக்கொண்டதாக இடது கைப் பெருவிரலில்தான் ரேகை வாங்கினார்கள்.

இவர் ஜெயிலில் இருந்தபோது தினையைக் கிளி தின்றது. திரும்பி வந்தபோது வலது கையில் பெருவிரலும் அதற்கடுத்த விரலும் காய்ந்த இஞ்சித் துண்டாக இருந்தன. மடங்காது, எதையும் பிடிக்காது. சாவடியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு நாள் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டே, “அந்த அரம் இப்ப எங்க இருக்கும்?” என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சட்டியைப் போட்டு உடைத்தேன்.

அடுத்த சந்தை நாளில் கள்ளக்குறிச்சிக்குத் தனியாகப் போனேன். காசிநாதன் முகத்தில் காறித் துப்ப வேண்டும். வேறு யோசனை எதுவும் இல்லை.

கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால், ஆணியில், என் வீட்டுக்காரர் சாவடியில் செய்த வில் தொங்கிக்கொண்டிருந்தது. காசிநாதன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். துளிகூட வெட்கம் இல்லை.

“வாம்மா. கார்டு குடுத்தாரு, காக்கா ஓட்ட நல்லா இருக்குது. உன் புருசங்கிட்ட இன்னொண்ணு செஞ்சி தரச் சொல்லேன்.”

துப்ப வாயைக் குவித்தேன். வாய் உலர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தேன். மாரி. அடுத்த ஊர்ப் பையன், இவருக்குக் கை போன பிறகு வில் செய்யப் பழகிக்கொண்டவன். அவன் முன்னால் புது அரங்கள் பரப்பியிருந்தன. அவன் கையில் இருந்ததோ மரக் கைப்பிடி போட்ட பழைய அரம். நுனியில் அதே வெடிப்பு. பல் இடுக்கில் புதிதாக மஞ்சள் தூள்.

“மாரி, கீழ போடுடா அத! மோந்து பாரு. இதத்தான் உங்க மாமங்கிட்ட குடுத்து மாட்டி வுட்டான் இந்தப் பாவி!”

“புருசன் ஜெயிலுக்குப் போனதுலேர்ந்து பாவம், புத்தி கொஞ்சம் அப்பிடி” என்றான் காசிநாதன்.

மாரி மோந்து பார்த்தான். காசிநாதனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அரத்தைக் கட்டையில் வைத்து இன்னொரு இழுப்பு இழுத்தான். முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

“ஆனா இன்னாமா ராவுது பாருக்கா! தொடச்சி எடுத்துக்கினு போயிட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

சுப்புராயன் மொபெட் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

நான் மாரியின் கையிலிருந்து அரத்தைப் பறித்தேன். வாசற்படிக் கருங்கல்லில் பலங்கொண்ட மட்டும் அடித்தேன். எத்தனை மரம் தின்ற இரும்பு, கண்ணாடி போல நடுவில் ஒடிந்தது.

மாரிதான் என் மேல் பாய்ந்தான். “நீ வெளங்குவியா? இன்னா அரம் அது! அந்த மாதிரி இனிமே எங்க கெடைக்கும்?” ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தடவிக்கொண்டே நின்றான். அவனுடைய பத்து விரலும் முழுசாக இருந்தன. திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மாரி தப்பித்தான் என்று சொன்னேன், வில் காக்கா ஓட்டுகிறது என்று சொன்னேன். இவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அரத்தை உடைத்தேன் என்றதும் நிமிர்ந்தார்.

“ரெண்டாவா?”

“ரெண்டாத்தான்.”

“அத ஏன் புள்ள ஒடச்ச? அது இன்னா பண்ணிச்சி?” என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். சாவடியில் அழாதவர், ஜெயிலுக்குக் கூட்டிப்போனபோது அழாதவர், ஒரு துண்டு இரும்புக்குக் குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதார்.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிறகு களியைத் தட்டில் போட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம், வலது கையால் பிசைய முடியாது. உருட்டி உருட்டி நான்தான் ஊட்டினேன்.