ஆட்டுத்தோல் பை

பத்மப்ரியா தன் நிச்சயதார்த்தத்தை முறித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையாக வரவிருந்தவன் அவளுடைய பெரியப்பா மகன் தர்மேஷின் மைத்துனன். அன்றிலிருந்து தர்மேஷ் அவளிடம் பேசுவதில்லை. பேசினால் குத்துவதற்குத்தான் பேசினான்.

இருந்தும், திண்டிவனத்தில் பெரியப்பாவின் கல்யாண மண்டபத்தைத்தான் அவள் கேட்டாள். எடின்பரோவில் படித்த காலத்தில் பழக்கமான மூன்று பேர், ஸ்காட்லாந்தின் நாட்டுப்பாடல்களைப் பாடி வாசிப்பவர்கள், புதுச்சேரியில் கச்சேரி முடித்துச் சென்னைக்குப் போகும் வழியில் ஒரு மாலை அவளுக்காக வாசிக்கச் சம்மதித்திருந்தார்கள். பெரியப்பா அஜிதநாதன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "சரி, பண்ணிக்க" என்றார்.

ஐந்தரைக்குத் தொடங்கியது. எண்பது பேர் இருந்திருப்பார்கள். அவள் வேலை பார்க்கும் பள்ளியின் ஆசிரியர்கள் பாதி, சொந்தக்காரர்கள் பாதி. ஐலா வயலின் வாசித்தாள். தலை நரைத்த மோராக் பாடினாள். ஹேமிஷ் நாற்காலியில் உட்கார்ந்து, கக்கத்தில் ஒரு பையை இடுக்கி அமுக்கியபடி, அதில் செருகியிருந்த குழலை வாசித்தான். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனைப் பற்றிய பாட்டின் கதையைப் பத்மப்ரியா தமிழில் சொன்னபோது, முன்வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அந்தப் பாட்டு முடிந்ததும் தர்மேஷ் எழுந்தான்.

"ஒரு டவுட்டு. அந்தப் பை எதுல செஞ்சது? கேட்டுச் சொல்லு."

அவளும் அந்தச் சமணக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். தோல் செருப்புகூடப் போட்டதில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் ஹேமிஷிடம் அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. இப்போது கேட்டாள். அவன் சிரித்தபடி சொன்ன பதில் ஆசிரியர்களுக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அவளே சொன்னாள்.

"ஆட்டுத்தோல்."

முன்வரிசை மொத்தமும் எழுந்துகொண்டது.

"பாத்துக்குங்க. நம்ம மண்டபத்துல என்னத்தைக் கொண்டாந்து வச்சிக்கினு உக்காந்திருக்கா பாருங்க" என்றான் தர்மேஷ்.

"உன் கல்யாணத்துக்கு இதே மேடையில தவில் வாசிச்சாங்களே அண்ணா. அது என்ன பிளாஸ்டிக்கா?"

"அது மங்கள வாத்தியம். என் மச்சானை ஊர் முன்னாடி தலைகுனிய வச்சிட்டு, உனக்கு மேடை ஒரு கேடா?"

மேடையில் மூவரும் ஆள் மாற்றி ஆள் பார்த்தார்கள். அஜிதநாதன் மகனையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. "வெளிய எடுத்துக்கினு போவச் சொல்லும்மா. வாசிக்கணும்னா காம்பவுண்டுல வாசிக்கட்டும்" என்றார்.

வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டார்கள். முப்பது பேர்தான் கூட வந்தார்கள். மோராக் பாட ஆரம்பித்த இரண்டாவது வரியில், சுவரோரம் இருந்த ஜெனரேட்டர் உறுமியது. கரண்ட் போகவில்லை. தர்மேஷ் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மோராக்கின் வாய் அசைவது தெரிந்தது; குரல் கேட்கவில்லை.

ஹேமிஷ் வேனுக்குப் போய் நீளப்பெட்டி ஒன்றைத் திறந்தான். உள்ளே இருந்தது அதேபோல் பை வைத்த பெரிய பேக்பைப். மூன்று குழல்கள் அவன் தோளுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றன. வெட்டவெளியில் வாசிப்பதற்கென்றே செய்தது. அதன் பையும் தோலாகத்தான் இருக்கும் என்பது பத்மப்ரியாவுக்கு இப்போது தெரிந்தது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் ஜெனரேட்டரை அமுக்கும் எதுவாக இருந்தாலும் அவளுக்குச் சம்மதம்.

முதல் ஊதலிலேயே முன்னால் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கிளியனூர் ரோட்டில் போன ஆட்டோக்கள் நின்றன. ஹேமிஷ் தர்மேஷுக்கு நேராகப் போய் நின்று வாசித்தான். தர்மேஷ் நகரவில்லை, இயந்திரத்தை நிறுத்தவும் இல்லை. இருபது நிமிடம் இரண்டும் மோதின. எந்த மெட்டு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆசிரியர்கள் ஒவ்வொருவராக, அவளிடம் சொல்லாமலே கிளம்பினார்கள். ஹேமிஷ் முகம் சிவந்து மூச்சு வாங்கி நிறுத்தியபோது காலி நாற்காலிகள்தான் இருந்தன. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

தர்மேஷ் அருகில் வந்து கத்தினான். "இனிமே நல்லது கெட்டதுக்கு எங்க வூட்டு வாசப்படி ஏறாத."

"கூப்பிடாத. வர மாட்டேன்."

வேனில் மோராக் அவள் கையைப் பிடித்தாள். பத்மப்ரியா விடுவித்துக்கொண்டாள். பையைப் பற்றி வேறு மாதிரி சொல்லியிருக்க வேண்டுமா என்று ஹேமிஷ் கேட்டான்.

"இல்லை. உண்மையைத்தானே சொன்னாய்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனால் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் உன்னை அங்கே கூப்பிட்டிருக்கவே மாட்டேன்" என்றாள்.

மேம்பாலத்தடியில் அவள் இறங்கிக்கொண்டாள். அடுத்த வருடம் வருவதாக ஐலா ஜன்னல் வழியே சொன்னாள். பத்மப்ரியா வீட்டைப் பார்த்து நடந்தாள்.