மூன்றை அழுத்தினால் அஜியம்போ

அஜியம்போவுக்கும் அப்பியோவுக்கும் பேச்சுவார்த்தை நின்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. இத்தனைக்கும் இருவரும் விற்பது ஒரே கருவாடு. மஜாஞ்சி ஏரிக்கரையில் ஒரே படகுக்காரர்களிடம் வாங்குவார்கள், அங்கேயே காயவைப்பார்கள், மூட்டை கட்டிக்கொண்டு பூசியா எல்லைக்கு வருவார்கள். உகாண்டா பக்கம் அந்தப் பொடி மீனுக்கு முக்கேனே என்று பெயர். எல்லைக் கேட்டைத் தாண்டி கென்யா பக்கம் போய்விட்டால் அதுவே ஒமேனா. பெயர் மாறும்போது விலையும் கொஞ்சம் ஏறும். அந்தக் கொஞ்சத்தில்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

அஜியம்போவின் குரல் பூசியா முழுக்கப் பிரசித்தம். சந்தையில் அவள் வாயைத் திறந்தால் மூன்று கடை தள்ளித் தக்காளி விற்பவள் தன் பேரத்தை நிறுத்திவிட்டு, இவள் முடிக்கட்டும் என்று காத்திருப்பாள். அப்பியோ அதற்கு நேர்மாறு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு சைக்கிள் போகலாம்.

அந்த வருஷம் எல்லை தாண்டி வியாபாரம் செய்யும் பெண்களின் சங்கம், சுங்க வளாகத்தின் ஓரத்தில் ஓர் அறையை வாங்கி உதவி மேஜை போட்டிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் நெக்கேசா. இருபத்தாறு வயது, வேகமாக நடப்பாள், யாரையும் ஒரு தடவைக்கு மேல் காத்திருக்க வைக்கமாட்டாள். சங்கம் கூடவே ஒரு தொலைபேசி எண்ணும் வாங்கியிருந்தது. பொத்தான் போன் போதும், காசும் பிடிக்காது. ஒன்றை அழுத்தினால் இரண்டு பக்கத்துச் சந்தை விலை. இரண்டை அழுத்தினால் எந்தச் சரக்குக்கு என்ன தாள் வேண்டும் என்கிற விவரம். மூன்றை அழுத்தினால், ஏன் எலிப்பாதையில் போகக் கூடாது என்கிற அறிவுரை. நான்கு, புகார் சொல்ல.

எலிப்பாதை என்பது கேட்டுக்குப் போகாமல் வீட்டுக் கொல்லைகள், கரும்புத் தோட்டம், சாக்கடை வாய்க்கால் என்று புகுந்து புகுந்து அந்தப் பக்கம் போய்விடும் ஒற்றையடித் தடம். பூசியாவில் தலையில் மூட்டை தூக்கிய எந்தப் பெண்ணுக்கும் அது கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற வழி.

ஆறு மாதமாகியும் அந்த எண்ணுக்கு ஈ காக்கை கூப்பிடவில்லை. ஏன் என்று நெக்கேசா சந்தைக்கே வந்து கேட்டாள்.

"அந்தப் பட்டணத்தம்மா குரலைப் போட்டிருக்கியே, கேட்டா கோயில்ல பிரசங்கம் கேக்குற மாதிரி இருக்கு. ரெண்டாவது வரியில எனக்குக் கண்ணு சொக்குது" என்றாள் அஜியம்போ.

"அப்ப நீங்களே வந்து பேசுங்கக்கா."

"நானா?"

"உங்க குரலை யாரு கேக்காம இருக்க முடியும்?"

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று அஜியம்போவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை, தேவாலயத்துக்குப் போகும் உடுப்பைப் போட்டுக்கொண்டு உதவி மேஜைக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே போனால் பெஞ்சில் அப்பியோ உட்கார்ந்திருக்கிறாள். அவளும் தேவாலய உடுப்பில்.

"ஒரு குரல் சத்தமா, ஒரு குரல் நிதானமா. ரெண்டும் வேணும்" என்று நெக்கேசா ஒன்றும் தெரியாதவள் மாதிரி சொன்னாள்.

குரல் பதிவுக்காகக் கம்பாலாவிலிருந்து கிஸிட்டோ என்று ஒரு தம்பி வந்திருந்தான். வெளிச்சத்தம் உள்ளே வராதிருக்க, அறையின் நான்கு சுவரிலும் மெத்தைகளைச் சாய்த்து வைத்திருந்தான். ஜன்னலும் மூடியாயிற்று. கால்மணி நேரத்தில் அறை இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பெண்களும் ஒரே மைக்கின் இரண்டு பக்கம், முட்டி இடிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அஜியம்போ முதல் வரியைப் படித்தாள். கிஸிட்டோ காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கி எடுத்தான்.

"அக்கா, மைக்கு இங்கதான் இருக்கு. அந்தப் பக்கச் சந்தைக்குக் கேக்கணும்னு இல்ல."

அப்பியோவின் முறை வந்தது. அவள் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அவன் இரண்டு தடவை, முடிந்துவிட்டது என்று நினைத்துப் பதிவை நிறுத்தினான். இப்படியாக ஒன்றும் இரண்டும் முடிந்தன. மூன்றாவது தாள் அஜியம்போ கைக்கு வந்தது.

"எலிப்பாதை வழியே செல்வது பாதுகாப்பற்றது. அவ்வழியைத் தவிர்ப்பீர்" என்று படித்தாள்.

அப்பியோ மூக்கால் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" நான்கு வருஷத்தில் அஜியம்போ அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஒண்ணுமில்ல. யாரு சொல்றதுன்னு பாத்தேன்."

"சொல்றதை நேரா சொல்லு."

அப்பியோ, வழக்கத்துக்கு மாறாக, இடைவெளியே விடாமல் பேசினாள். "அன்னைக்கு எலிப்பாதையில விசில் சத்தம் கேட்டுச்சு. ரோந்துக்காரங்க வந்துட்டாங்கன்னு ஓடினோம். நான் வாய்க்கால்ல வழுக்கி விழுந்தேன். கால் மடங்கிருச்சு. உன்னை மூணு தடவை கூப்பிட்டேன். ஊருக்கே கேக்குற மாதிரி வாய் வெச்சிருக்க, காது மட்டும் அன்னைக்குச் செவிடாயிருச்சா?"

அஜியம்போ கையிலிருந்த தாளை மடித்தாள், பிரித்தாள்.

"கேட்டுச்சு" என்றாள்.

"என்னது?"

"கேட்டுச்சுன்னு சொல்றேன். மூணு தடவையும் கேட்டுச்சு. பயந்துட்டேன். தலையில இருந்தது ஒரு மூட்டைதான், அதுவும் போச்சுன்னா ஃபீஸ் கட்ட முடியாது, புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல உள்ளயே விடமாட்டாங்க. கால் தானா ஓடுச்சு. நான் ஓடல."

"என் மூட்டை போச்சு. ரெண்டு மாசம் கால் பூசணிக்காயா வீங்கிக் கிடந்தது."

"தெரியும். பாக்க வந்தேன்."

"பொய் சொல்லாத."

"சத்தியமா வந்தேன். வாழைப்பழமெல்லாம் வாங்கிட்டு உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நாய் குரைச்சுச்சு. அதைச் சாக்கா வெச்சுத் திரும்பிட்டேன்."

அப்பியோ புருவத்தைச் சுருக்கினாள். "எங்க வீட்ல நாயே கிடையாதே."

"அப்ப குரைச்சது யாரு?"

"என் மாமியாராத்தான் இருக்கும்" என்றாள் அப்பியோ.

முதலில் சிரித்தது கிஸிட்டோ. பிறகு அஜியம்போவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அப்பியோ உதட்டைக் கடித்துப் பார்த்தாள், தாங்கவில்லை. வியர்த்து வழிய இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவில் அப்பியோ தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்தாள். அது வியர்வைக்காக மட்டுமில்லை.

"இதுல கொடுமை என்னன்னா, அந்தச் சரக்குக்கு வரியே கிடையாதாம். நெக்கேசாதான் சொன்னா" என்றாள் அப்பியோ.

"ஆமா. நம்ம ஏரி மீன், நம்ம கையால காயவெச்சது. ஒரு மூட்டை, ரெண்டு மூட்டைக்கு எங்கேருந்து வருதுன்னு ஒரு தாள், மீன் நல்லாருக்குன்னு ஒரு தாள். ரெண்டையும் வெச்சுக்கிட்டு கேட்டு வழியா நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போயிருக்கலாம்."

"எதுக்கு ஓடுறோம்னே தெரியாம ஓடியிருக்கோம்."

"ரெண்டு கழுதைங்க."

"நீ ஓடின கழுதை. நான் விழுந்த கழுதை."

கிஸிட்டோ மெதுவாக ஒரு பொத்தானை அழுத்தினான். அப்போதுதான் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு அணைந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பிறகு அவனைப் பார்த்தார்கள்.

"அழிச்சிரவா?" என்று கேட்டான் அவன், அழிக்க மனசில்லாத குரலில்.

நெக்கேசா கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அந்தத் தாள்ல எழுதியிருக்கிறதை யாரும் கேக்கப்போறதில்ல. இதைக் கேப்பாங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் சரின்னாத்தான்" என்றாள்.

அஜியம்போவுக்கு, தான் ஓடியதைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொல்வது லேசான காரியமில்லை. அஜியம்போ அப்பியோவைப் பார்த்தாள். அப்பியோ விரலை மடக்கி எண்ணினாள்.

"என் மாமியார் பேரைச் சொல்லல. ஊர்ப் பேரும் சொல்லல. அப்பப் போடட்டும்" என்றாள்.

"சரி, போடு" என்றாள் அஜியம்போவும்.

ஒரு வாரத்தில் பூசியா முழுக்க மூன்றை அழுத்திக்கொண்டிருந்தது. சைக்கிள்காரர்கள் சவாரி வராத நேரத்தில் கேட்டார்கள். சப்பாத்திக்கடையில் மாவு பிசைகிறவன் போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டான். முன்பின் தெரியாத பெண்கள் அஜியம்போவிடம் வந்து, "நாய் விஷயம் நெசமாக்கா?" என்று விசாரித்துவிட்டு, அப்படியே அந்த இரண்டு தாளை எங்கே வாங்குவது என்றும் கேட்டார்கள். அப்பியோவின் மாமியாரும் கேட்டாராம். யாரோ பாவம், இப்படிப்பட்ட மாமியாரிடம் மாட்டிக்கொண்டாளே என்று வருத்தப்பட்டாராம். அஜியம்போவின் புருஷன் ஔமா மட்டும் கேட்கவில்லை. "இந்தச் சத்தத்தை வீட்லயே கேக்குறேன். போன் வேற போட்டுக் கேக்கணுமா?" என்றான்.

ஆனால் உண்மையாகவே மாறியது கேட்டில் இருந்த வரிசை. முன்பெல்லாம் கருவாட்டுக்காரிகள் நான்கைந்து பேர்தான் நிற்பார்கள். இப்போது சந்தை நாளில் வரிசை வேப்பமரம் வரைக்கும் வந்தது. இருந்தும் இரண்டு பெண்களும் பழைய மாதிரி ஒட்டிக்கொள்ளவில்லை. பார்த்தால் தலையாட்டுவார்கள், நலம் கேட்பார்கள், அவ்வளவுதான். ஒரு மன்னிப்பு பாக்கியிருந்தது. அதை எப்படிக் கேட்பது என்று அஜியம்போவுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு சந்தை நாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அஜியம்போ தாள்களில் முத்திரை வாங்கி, இரண்டு மூட்டையையும் சைக்கிளில் கட்டி, கேட்டைத் தாண்டியே விட்டாள். இன்னும் பத்து நிமிஷத்தில் சந்தைக் கூரைக்குக் கீழே போய்விடலாம். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். கத்தல் இல்லை, சாதாரணக் குரல்தான்.

"அஜியம்போ."

திரும்பினாள். வரிசையின் முன்னால் அப்பியோ நின்றிருந்தாள். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஓர் ஆள் அவளுடைய மூட்டை மேல் கை வைத்திருந்தான். அந்த ஆள் எந்த அலுவலகத்திலும் வேலை பார்ப்பவன் இல்லை. சந்தை நாளில் மட்டும் அந்தச் சட்டையோடு முளைப்பான்.

"அக்கா, மழை வருது" என்றான் சைக்கிள்காரன்.

அஜியம்போ வானத்தைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். "நீ இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"என்ன விஷயம்?"

"தாளுக்குக் காசு கேக்குறான்" என்றாள் அப்பியோ. "இலவசம்னு சொன்னா, அது போன வாரச் சட்டமாம்."

"எந்தச் சட்டம்? எங்க எழுதியிருக்கு? காட்டு, நானும் படிக்கிறேன்" என்றாள் அஜியம்போ.

அந்த ஆள் அவளை உற்றுப் பார்த்தான். "உன் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே."

வரிசையில் யாரோ, "மூணை அழுத்திப் பாரு" என்றார்கள். ஒருத்தி அழுத்தியே விட்டாள், ஒலிபெருக்கியில். அடுத்தவளும் அழுத்தினாள். நொடியில் முப்பது போன்களில், ஒன்றுக்கொன்று முன்னே பின்னே, இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். ஒரு பக்கம் அஜியம்போ ஓடிக்கொண்டிருந்தாள், மறுபக்கம் அப்பியோ விழுந்துகொண்டிருந்தாள், வேப்பமரத்தடியில் நாய் குரைத்தாயிற்று. அந்தக் களேபரத்தில் நெக்கேசா அறையிலிருந்து ஓடிவந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சுங்க அதிகாரி அம்மாளும் எழுந்து வெளியே வந்தார்.

"இங்க என்ன திருவிழாவா?"

"இவரு தாளுக்கு எவ்வளவுன்னு உங்ககிட்டக் கேக்கச் சொன்னாரு, அம்மா" என்றாள் அப்பியோ, அவளுக்கே உரிய நிதானத்தில்.

மஞ்சள் சட்டைக்காரன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மறுத்துச் சொல்லவும் அவன் நிற்கவில்லை. சட்டையைக் கழற்றிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே நழுவினான். நெக்கேசா அவன் அடையாளங்களை எழுதிக்கொண்டாள். மாலைக்குள் அந்த இடத்தில், தாள் இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்று நான்கு மொழியில் பலகை வந்துவிட்டது.

மழை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கொட்டித் தீர்த்தது. அப்பியோவின் மூட்டை அந்த ஆளின் புண்ணியத்தால் சுங்கக் கூரைக்குக் கீழேயே நனையாமல் இருந்தது. அஜியம்போவின் இரண்டு மூட்டையும் தெப்பமாக நனைந்தன. நனைந்த ஒமேனாவைக் கோழித் தீவனக்காரன்தான் வாங்குவான், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

மழை விட்டபின் இருவரும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"நீ போயிருக்கலாம்" என்றாள் அப்பியோ.

"போயிருக்கலாம். அன்னைக்குப் போனதுக்கே இன்னும் மன்னிப்புக் கேக்கல. இன்னொண்ணும் சேந்தா என்னால தாங்காது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே தாழ்ந்த குரலில், "மன்னிச்சுக்கடி" என்றாள்.

"என்ன? கேக்கல."

"கேட்டுச்சு உனக்கு."

அப்பியோ சிரித்துக்கொண்டே குனிந்து தன் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி. இதை ரெண்டு பேரும் சேந்து வித்துருவோம். நான் கூவினா சாயங்காலம் வரைக்கும் ஆகும். நீ கூவு, நான் அளந்து போடுறேன்."

மதியத்துக்குள் மூட்டை காலியாகிவிட்டது. தக்காளிக்காரி அன்றைக்கு வியாபாரமே செய்ய முடியவில்லை என்று புலம்பினாள். அவளைச் சமாதானப்படுத்தி, இருவரும் சப்பாத்திக்கடையில் முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி தின்றுகொண்டிருந்தபோது நெக்கேசா வந்து நின்றாள். அடுத்து முட்டை வியாபாரம் பற்றி ஒரு பதிவு வேண்டுமாம். கிஸிட்டோ வெள்ளிக்கிழமை வருகிறானாம்.

"முட்டையைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள் அஜியம்போ.

"தின்னத் தெரியும்" என்றாள் அப்பியோ.

"அது போதும்க்கா. எப்படியும் சண்டைதான போடப்போறீங்க" என்றாள் நெக்கேசா.

"இந்தத் தடவை ஜன்னலைத் திறந்து வெக்கச் சொல்லு. சண்டை போடலாம், வேகக் கூடாது" என்றாள் அஜியம்போ.

சொல்லிவிட்டு, கடைக்காரனிடம் இன்னும் இரண்டு சப்பாத்தி கேட்டாள். அது அந்தப் பக்கச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.