குமிழ் வைத்த செட்

கார் செட்டில் சத்தம் நின்றுபோனபோது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

வண்டி வாங்கும்போதே கம்பெனியில் பொருத்தி வந்த செட். மேலே சின்னத் திரை, அதன் கீழே ஒரு வட்டக் குமிழ். திருகினால் சத்தம் கூடும், குறையும். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, அந்தக் கை தானாகச் செய்த முதல் வேலை அந்தக் குமிழைத் திருகியதுதான். அதுவரை ஸ்பூன் பிடிக்கவில்லை. சட்டைப் பொத்தான் போடவில்லை. பிசியோதெரபி மையத்தில் ஒரு பலகை நிறையக் குழாயும் கைப்பிடியும் சுவிட்சும் பொருத்தியிருந்தார்கள். அதையெல்லாம் அந்தக் கை சட்டை செய்வதில்லை. காரில் ஏறியதும் மட்டும் மெல்ல நகர்ந்து போய்க் குமிழின் மேல் விழும். இரண்டு விரல் வளையும். பாட்டு ஏறும். பிறகு இறங்கும். மறுபடி ஏறும்.

வீட்டிலிருந்து மையம் வரைக்கும் இதே கதை. திரும்பி வரும்போதும் இதே கதை. பாட்டு காதில் அறையும், அடுத்த வளைவில் கொசு மாதிரி முனகும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் யாரையும் பார்க்காமல் ஓட்டுவாள். முன்பெல்லாம் அவர்தான் ஓட்டுவார். பாட்டும் அவர் பொறுப்பு. அவள் கை செட் பக்கம் போனால் தட்டிவிடுவார்.

இப்போது அவரிடம் மிச்சமிருந்தது ஒரே வார்த்தை. சரி. சாப்பிடலாமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. பக்கவாதத்துக்கு முன் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றே ஆரம்பிக்கிற மனிதர். பேரன் அவருக்குச் சரித் தாத்தா என்று பெயர் வைத்துவிட்டான். பேப்பர் போடுகிறவர் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் இன்னொரு பத்திரிகையும் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இரண்டு வருகின்றன. இரண்டையும் யாரும் படிப்பதில்லை.

செட் நின்ற பிறகு கை அவர் தொடையிலேயே கிடந்தது. திரையில் பாட்டின் பெயர் ஓடும், சத்தம் வராது. முதல் நாள் குமிழைத் திருகிப் பார்த்தார். அடுத்த நாளும் கொஞ்சம் திருகினார். பிறகு விட்டுவிட்டார். அவள் என்ஜின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு ஓட்டினாள். எதையும் நினைக்காமல் ஓட்ட முடிந்தது.

"என்ன, கை இந்த வாரம் லீவு போட்டுடுச்சா?" என்றார் பிசியோதெரபிஸ்ட், கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டபடி. "போன மாசம் விரல் கொஞ்சம் வளைஞ்சு குடுத்துதே. வீட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லையே," என்றாள்.

வீட்டில் எதுவும் மாற்றவில்லை.

மகன் போனில் சொன்னான். "ரிப்பேர்னு போனா தலைவலிதான்மா. புதுசு போட்டுடு. பெரிய ஸ்கிரீன் வரும். பின்னாடி கேமராவும் வரும். நீ தூண்ல இடிக்க மாட்ட."

"ஒரு தடவைதான் இடிச்சேன்."

"தூணைக் கேட்டா வேற கணக்கு சொல்லும்." பிறகு, "அப்பாகிட்ட கேட்டியா?" என்றான்.

"கேட்டேன். சரின்னாரு."



"அப்போ புதுசே போட்டுடு," என்றான்.

கடை மையத்துக்குப் போகிற வழியிலேயே இருந்தது. கடைக்காரரை எல்லோரும் ஒயர்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். மணிக்கட்டில் வயர் சுற்றும் டேப் சுருள் ஒன்றை வளையல் மாதிரி மாட்டியிருந்தார். கணவர் இறங்கவில்லை. ஒயர்மேன் ஓட்டுநர் பக்கம் உட்கார்ந்து செட்டைப் போட்டுப் பார்த்தார், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார்.

"செட்டுக்கு உயிர் இருக்குக்கா. குரல்தான் போயிடுச்சு. உள்ள சத்தத்தை ஏத்தி விடற சில்லு ஒண்ணு இருக்கும். அது எரிஞ்சிருக்கு."

"மாத்த முடியுமா?"

"முடியும். போர்டைக் கழட்டி வெளியூருக்கு அனுப்பணும். ரெண்டு மூணு வாரம் இழுத்தடிப்பாங்க. அதுவரைக்கும் இந்த இடம் ஓட்டைதான். வந்தாலும் எத்தனை நாள் ஓடும்னு என்னைக் கேக்காதீங்க. புதுசுன்னா நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள போட்டுடுவேன்."

உள்ளே போய் ஒரு புதுத் திரையைக் கொண்டு வந்து காட்டினார். முழுக்கக் கண்ணாடி. பொத்தானோ குமிழோ எதுவும் இல்லை.

"சத்தம் எப்படிக் கூட்டறது?"

"உங்க ஸ்டியரிங்ல பட்டன் இருக்கே, அதோட இணைச்சு விட்டுடறேன். எல்லாம் உங்க கட்டைவிரல்லயே." அவர் திரையை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். "வேணும்னா இந்தத் தொடற சமாச்சாரத்தை லாக் பண்ணிக்கலாம். யார் கை வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. சின்னப் பிள்ளைங்க இருக்கற வீட்டுல இதைத்தான் முதல்ல கேப்பாங்க."

"லாக் பண்ணிடலாமா?"

"தாராளமா."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அந்தப் பட்டனை இதுவரை தொட்டதில்லை. போகும்போதும் வரும்போதும் ஒரே அளவில் பாட்டு. அல்லது பாட்டே இல்லாமல். செட்டை மாற்றினால் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. மகனே சொல்லிவிட்டான்.

"போட்டுடுங்க," என்றாள்.

ஒயர்மேன் ஒரு சின்ன ரம்பத்தை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்து கணவர் பக்கம் குனிந்தார்.

"சாரையும் ஒரு வார்த்தை கேட்டுடறேன். புதுசு கொஞ்சம் அகலம். செட்டைச் சுத்தியிருக்கிற சட்டத்தை ரெண்டு பக்கமும் அறுக்கணும். அறுத்துட்டா பழசு திரும்ப உக்காராது. முன்னாடி ஒரு தடவை வீட்டம்மா சொன்னாங்கன்னு அறுத்துட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து என்னை அறுத்தாரு பாருங்க, கடையை மூடற வரைக்கும். அதுலேர்ந்து ரெண்டு பேரும் சொல்லாம ரம்பத்தை வைக்கறதில்ல." குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "சார், அறுத்துடட்டுமா?"

"சரி," என்றார் கணவர்.

"அவ்வளவுதான்." ஒயர்மேன் ஓட்டுநர் பக்கம் வந்து ஏறினார். சட்டத்தின் ஓரத்தில் விரலால் அளந்து, ரம்பத்தை வைத்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள்.

அவள் கணவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"அறுக்க வேண்டாமா?"

"சரி."

ஒயர்மேன் சிரித்தார். "சார் ரெண்டு பக்கமும் பேசறாரே."

அவள் கணவரையே பார்த்துக் கேட்டாள். "உங்களை இங்கயே விட்டுட்டு நான் போயிடட்டுமா?"

"சரி."

ஒயர்மேன் சிரிப்பை நிறுத்தினார். ரம்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டேப்பை மணிக்கட்டில் ஒரு சுற்றுத் திருப்பினார்.

"எப்பவுமே இப்படித்தானாக்கா?"

"ஆமா."

"அப்போ யாரு சொல்றது?"

"நான்தான்."

"சொல்லுங்க."

கை தொடையின் மேல் மல்லாந்து கிடந்தது. காலையில் அவள்தான் அப்படி எடுத்து வைத்தாள். அதன் பிறகு அது அசையவே இல்லை. அந்தக் கையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏறி இறங்கும் பாட்டு ஞாபகம் வந்தது. பக்கத்து வண்டிக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். இனி தினமும் அதுதான்.

"பழசையே சரி பண்ணுங்க."

"மூணு வாரம் தாண்டினாலும் தாண்டும்."

"பரவாயில்ல."

"சரி பண்ணியும் ஓடலைன்னா என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

"நானா இருந்தா புதுசுதான்."

"அதான் சொல்லிட்டீங்களே."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். சட்டத்தைக் கீறல் விழாமல் நெம்பி எடுத்தார். நான்கு திருகாணி. செட் வயரோடு வெளியே வந்தது. வயர்களைப் பிடுங்கி, முனைகளில் டேப் சுற்றி ஓட்டைக்குள் தள்ளினார். செட்டைக் கடை மேஜைக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, குமிழை விரலால் தடவினார்.

"இந்த நாப் தேஞ்சே போச்சு. சோப்பு மாதிரி இருக்கு. இப்படி யாருக்கா திருகினது?"

அவள் கார் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"போர்டுதான் அனுப்பணும், இது இங்கயே கிடக்கும். வேற செட்டோட நாப் இருந்தா போட்டு வைக்கறேன். ஆனா பெருசா துருத்திக்கிட்டு நிக்கும். பாக்க நல்லா இருக்காது."

"பெருசாவே இருக்கட்டும்."

"ஓரம் சொரசொரன்னு இருக்குமே."

"இருக்கட்டும். வழுக்காது."

அவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேஜையில் கவிழ்த்தார். எந்தெந்த வண்டியிலிருந்தோ கழற்றிய குமிழ்கள். அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். சிலவற்றை ஒதுக்கினாள். மையத்திலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. மூன்றைக் காருக்குக் கொண்டு போனாள்.

கணவர் டேப் சுற்றிய ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைப் புரட்டி, முதல் குமிழை இரண்டு விரல்களுக்கும் நடுவில் வைத்தாள். கை அசையவில்லை. அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தாள்.